78-ஆ, 86-ஆ? ஐக்யூ எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கேள்வி இது: எட்டு வயதுப் பையன். படிப்பில் பின்தங்குகிறான் என்று பள்ளியில் சொன்னதால், அவன் அம்மா ஐக்யூ சோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். 78 வந்தது. ஐந்து மாதம் கழித்து வேறோர் இடத்தில் அதே சோதனையை எடுத்தபோது 86 வந்தது. இரண்டில் எது சரி? மனதுக்குள் இருப்பதை எண்ணாக அளக்கத்தான் முடியுமா, இல்லை இதெல்லாம் கண்துடைப்பா?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சோதனை எடுத்தவர்கள் எந்தத் தவறும் செய்யாமல், பையனிடமும் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல், முதலில் 78-ம் பிறகு 86-ம் வருவது சாதாரணமான விஷயம். அறிக்கையை உங்கள் கையில் கொடுத்தவர்களே இதை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் 78 என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் இல்லை. பையன் எத்தனை கேள்விகளைச் சரியாகச் செய்தான் என்று எண்ணி, அதே வயதுக் குழந்தைகள் ஒரு பெரிய கூட்டமாக முன்பே அதே கேள்விகளை எப்படிச் செய்தார்கள் என்பதோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் சராசரியை 100 என்றும், மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். அதாவது 78 என்பது சராசரிக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைத் திட்டவிலக்கம். அதே வயதில் நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் சுமார் 7 பேர் இவனுக்குக் கீழே இருப்பார்கள். 86 என்றால் சுமார் 18 பேர். 7 எங்கே, 18 எங்கே என்று பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் இருக்கும் தூரம் எட்டே எட்டுப் புள்ளிதான்.

இந்த மாதிரிச் சோதனையின் தொடக்கம் பாரிஸ். பள்ளியில் சாதாரண வகுப்போடு ஒட்டிவர முடியாத குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுப்பதற்காக 1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோனோடு சேர்ந்து 1905-இல் முப்பது பணிகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண்கள் பின்தொடர்கின்றனவா என்று பார்ப்பது முதல் பணி. அங்கிருந்து படிப்படியாகக் கடினமாகிக்கொண்டே போகும். 1908 திருத்தத்தில்தான் ‘மனவயது’ வந்தது. மனவயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்று ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன் 1912-இல் சொன்னார். ஐக்யூ (அறிவு ஈவு; வகுத்தால் வருவதுதான் ஈவு) என்ற பெயர் அங்கிருந்து வருகிறது. இன்று யாரும் அப்படி வகுப்பதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பினேவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவரின் அறிவு பிறவியிலேயே இவ்வளவுதான், அதைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் குழந்தைகள் முன்னேறுவார்கள் என்று நம்பித்தான் அவர் இந்த வேலையையே செய்தார்.

சரி, அளக்கும் கணக்குக்கு வருவோம். இதற்கு அடித்தளம் போட்டவர் சார்லஸ் ஸ்பியர்மன். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, அதை விட்டுவிட்டு லைப்ஸிக்கில் உளவியல் படிக்கப் போனவர். 1904-இல் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகளிலிருந்துதான் சைக்கோமெட்ரிக்ஸ் என்கிற இந்தத் துறையின் கணக்கு தொடங்குகிறது. யோசனை எளிமையானது. நாம் பார்க்கும் மதிப்பெண்ணில் இரண்டு பகுதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்த ஆளுக்கே உரிய நிலையான பகுதி. இதை உண்மை மதிப்பெண் என்கிறார்கள். இன்னொன்று, அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்ட பிழை. பையன் முந்தின நாள் ராத்திரி சரியாகத் தூங்காதது, சோதனை எடுத்தவரின் முகத்தைப் பார்த்துப் பயந்தது, தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் சொன்ன பதில் சரியாக அமைந்தது, கேட்ட பத்துச் சொற்களில் இரண்டு அவன் வீட்டில் புழங்காத சொற்களாக இருந்தது, இதெல்லாம் பிழைக் கணக்கில் சேரும். பிழை என்றால் யாரோ தவறு செய்தார்கள் என்று பொருளில்லை. எத்தனை கவனமாக இருந்தாலும் இது இருக்கும். ஒரு நாள் மேலே தள்ளும், இன்னொரு நாள் கீழே இழுக்கும்.

நமக்குக் கிடைப்பது இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான். தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரு குழந்தையிடம் வழியே இல்லை. நிறையக் குழந்தைகளிடம் வழி இருக்கிறது. ஒரே கூட்டத்துக்கு ஒரே தரமான இரண்டு சோதனைகளைக் கொடுத்து, முதலில் மேலே இருந்தவர்கள் இரண்டாவதிலும் மேலே இருக்கிறார்களா என்று ஒட்டுறவைக் கணக்கிட வேண்டும். உண்மைப் பகுதி இரண்டிலும் ஒன்றாகவே வரும்; பிழை மட்டும் மாறி மாறி வரும். எனவே இரண்டு பட்டியலும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ, அந்த அளவுக்கு மதிப்பெண்ணில் உண்மைப் பகுதி இருக்கிறது. இந்த எண்ணுக்குத்தான் நம்பகத்தன்மை என்று பெயர். 0 என்றால் எல்லாமே பிழை. 1 என்றால் பிழையே இல்லை. நல்ல ஐக்யூ சோதனைகளின் மொத்த மதிப்பெண்ணுக்கு 0.9-க்கு மேலேயே இருக்கும்.

0.9 என்றதும் எல்லோருக்கும் திருப்தி வந்துவிடுகிறது. அதை அப்படியே விடாமல் புள்ளிகளாக மாற்றிப் பாருங்கள். உங்கள் பையனுக்குக் கொடுத்த சோதனையின் நம்பகத்தன்மை 0.91 என்று வைத்துக்கொள்வோம். 1-இலிருந்து 0.91-ஐக் கழித்தால் 0.09. அதன் வர்க்கமூலம் 0.3. திட்டவிலக்கமான 15-ஐ இதால் பெருக்கினால் 4.5. இதுதான் அளவீட்டின் திட்டப்பிழை. 95 சதவீத எல்லை வேண்டுமென்றால் இதை 1.96-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 9 வரும். ஆக, அறிக்கையில் 78 என்று எழுதுவதற்குப் பதிலாக ‘69 முதல் 87-க்குள், 95 சதவீத நம்பிக்கையோடு’ என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது இடத்தில் வந்த 86 அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள்.

இன்னும் சரியாகச் செய்வதென்றால் இரண்டு மதிப்பெண்களின் வித்தியாசத்துக்கே ஒரு திட்டப்பிழை போட வேண்டும். இரண்டிலும் பிழை இருப்பதால் வித்தியாசத்தில் அது இன்னும் கூடும். 4.5-ன் வர்க்கத்தை இரண்டு முறை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 6.4, அதை 1.96-ஆல் பெருக்கினால் 12-க்குச் சற்று மேல். அதாவது இரண்டு சோதனைகளுக்கு இடையில் 12 புள்ளிக்குமேல் வித்தியாசம் வந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகிக்கத் தொடங்கலாம். உங்களுக்கு வந்திருப்பது 8. அதிலும் அதே சோதனையை ஐந்தே மாதத்தில் மறுபடி எடுத்திருக்கிறீர்கள். கட்டைகளை அடுக்கும் பணி, படத்தில் விடுபட்டதைச் சொல்லும் பணி போன்றவை இரண்டாவது முறை பழகியதாக இருக்கும், அதனாலேயே சில புள்ளிகள் ஏறும்.

முதல் எண் மிகத் தாழ்வாக வந்தால் அடுத்தது சராசரிப் பக்கமாக நகர்வதும் இயல்பு. 78 வந்த குழந்தையின் உண்மை மதிப்பெண்ணை நாம் ஊகிக்க வேண்டுமென்றால், சராசரியிலிருந்து அவன் விலகியிருக்கும் 22 புள்ளியை 0.91-ஆல் பெருக்கி 100-இலிருந்து கழிப்போம், 80 வரும். சராசரியை நோக்கிய இந்த நகர்வு எல்லோருக்கும் பொருந்தும், 130 எடுத்த குழந்தைக்கும்தான். அவனை மறுபடி சோதித்தால் கொஞ்சம் கீழே வர வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்துவிட்டு ‘மொபைல் பார்த்துப் பார்த்து மூளை மழுங்கிவிட்டது’ என்று வீட்டில் திட்டு விழும். பாவம், அவன் ஒன்றுமே செய்திருக்க மாட்டான்.

இந்தப் பிழை எல்லை வெறும் வகுப்பறைக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஃப்ளோரிடா மாநிலம் அதை அமல்படுத்திய விதம் இதுதான்: ஐக்யூ 70 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மட்டுமே குறைபாடு பற்றிய மற்றச் சான்றுகளைக் கேட்போம், 71 என்றால் கேட்கவே மாட்டோம். ஃப்ரெடி லீ ஹால் என்ற கைதியின் மதிப்பெண் 71. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஃப்ளோரிடாவின் விதி செல்லாது என்றார்கள். சோதனையை உருவாக்கிய துறையே 71 என்பதை ஓர் எல்லையாகப் படிக்கச் சொல்லும்போது, மாநில அரசு அதை ஒற்றைப் புள்ளியாகப் படித்து ஒருவரை மரண தண்டனைக்கு அனுப்ப முடியாது என்பதுதான் வாதத்தின் சாரம். நான் மேலே போட்ட அதே கணக்கு, ஒரு வர்க்கமூலமும் ஒரு பெருக்கலும், ஒரு மனிதரின் உயிருக்கு நடுவே வந்து நின்றது.

நம் ஊரில் அரை மதிப்பெண்ணில் சீட் போகிறது, கால் மதிப்பெண்ணில் ரேங்க் மாறுகிறது. எந்த மதிப்பெண் பட்டியலிலாவது திட்டப்பிழை அச்சிடப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு இது தீராத வருத்தம். சீட்டுகள் குறைவு, எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தவனைவிட அந்தப் பக்கம் விழுந்தவன் திறமைசாலி என்று சொல்ல அந்த அரை மதிப்பெண்ணுக்குத் தகுதி கிடையாது.

நம்பகத்தன்மையைக் கணக்கிட ஒவ்வொரு முறையும் இரண்டு சோதனை வைக்க முடியாது. எனவே ஒரே சோதனைக்குள் இருக்கும் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்தே மதிப்பிடுகிறார்கள். லீ க்ரோன்பாக் 1951-இல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்ற ஆல்ஃபா என்ற எண் இதுதான். எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகளில் ‘ஆல்ஃபா 0.87, எனவே கருவி நம்பகமானது’ என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரியை அப்படியே நம்பக் கூடாது. ஆல்ஃபா, கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே கூடும். நம்பகத்தன்மை 0.6 மட்டுமே இருக்கும் சோதனையில் அதே மாதிரிக் கேள்விகளை இரு மடங்காக்கினால் 0.75 ஆகும், மூன்று மடங்காக்கினால் 0.82 ஆகும். ‘எனக்குப் பதற்றம் வரும்’, ‘நான் அடிக்கடிப் பதறுவேன்’, ‘பதற்றம் எனக்கு வழக்கம்’ என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா ஜம்மென்று உயரும், புதிதாக எதுவும் அளக்கப்பட்டிருக்காது. கேள்விகள் எல்லாம் ஒரே குணத்தை அளக்கின்றன என்பதற்கும் ஆல்ஃபா அத்தாட்சி இல்லை.

அப்புறம், ஒரு சோதனை திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் கொடுத்தாலும், அது எதை அளக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இதை ஏற்புடைமை என்று பி.எட். புத்தகங்களில் படித்திருப்பீர்கள். இதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறிவுச் சோதனை வைத்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா சோதனை (க்ரோன்பாக்கின் ஆல்ஃபாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை), ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா சோதனை. மொழியே வேண்டாம், படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று வரைந்து காட்டினால் போதும் என்றார்கள். ஒரு படத்தில் டென்னிஸ் மைதானம், நடுவில் வலை இல்லை. இன்னொன்றில் கிராமபோன், குழல் இல்லை. இத்தாலியிலோ போலந்திலோ ஒரு கிராமத்தில் வயல் வேலை பார்த்துவிட்டுக் கப்பலேறி வந்தவர் டென்னிஸ் மைதானத்தை எங்கே பார்த்திருப்பார்? அவர் பதில் சொல்லாததை அறிவுக் குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தரவுகளை வைத்து, வடக்கு ஐரோப்பியர்களே அறிவில் உயர்ந்தவர்கள் என்று கார்ல் ப்ரிகம் என்பவர் 1923-இல் ஒரு நூலே எழுதினார். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கியவரும் அவர்தான். 1930-இல் அவரே, அந்த ஒப்பீடுகளுக்கு அடிப்படை இல்லை, தன் ஆய்வும் அஸ்திவாரம் இல்லாதது என்று அச்சிலேயே எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குள் 1924-இல் கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் குடியேறுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் வந்துவிட்டது. சட்டத்துக்கு வேறு அரசியல் காரணங்களும் நிறைய இருந்தன. ஆனாலும் இந்த எண்கள் அன்றைய பேச்சில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன.

பொது அறிவுத்திறன் என்ற ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கணக்கில் நன்றாகச் செய்பவர் மொழியிலும் ஓரளவு நன்றாகச் செய்கிறார், புதிரிலும் செய்கிறார். ஒட்டுறவுகள் பெரும்பாலும் நேர்மறையாகவே வருகின்றன. இதைப் பார்த்த ஸ்பியர்மன், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக் காரணி ஓடுகிறது என்றார். ஒட்டுறவுகளுக்கு அடியில் இருக்கும் பொதுக் காரணிகளைத் தேடும் காரணிப் பகுப்பாய்வு என்ற முறையே அதிலிருந்து வளர்ந்தது. லூயிஸ் தர்ஸ்டன் 1938-இல், ஒன்று இல்லை, ஏழு அடிப்படைத் திறன்கள் என்றார். காட்ஃப்ரி தாம்சன் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். பகடை உருட்டிச் செயற்கையாக மதிப்பெண்களை உருவாக்கி, பொதுக் காரணி என்று எதுவுமே உள்ளே வைக்காமல், ஸ்பியர்மன் கண்ட அதே ஒட்டுறவு அமைப்பை 1916-இல் வரவழைத்துக் காட்டினார். ஒவ்வொரு சோதனையும் ஏராளமான சிறு திறன்களில் சிலவற்றைத் தொடுகிறது, அவை ஒன்றோடொன்று மேற்பொருந்தினாலே போதும் என்பது அவர் வாதம். ஒட்டுறவு இருக்கிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதற்கு அடியில் ஒரு பொருள் இருக்கிறதா என்பதை அந்தக் கணக்கு மட்டுமே தீர்த்துவைக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய முறை. அதில் ஒரு பெரிய குறை உண்டு. ‘இந்தக் கேள்வி கடினம்’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்பதை வைத்து. எழுதியவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தால் அதே கேள்வி எளிதாகிவிடும். ‘இந்தப் பையன் கெட்டிக்காரன்’ என்பதும் அப்படித்தான், கேள்வித்தாள் எளிதாக இருந்தால் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆளை அளக்கக் கேள்வி வேண்டும், கேள்வியை அளக்க ஆள் வேண்டும், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்கின்றன. இந்தச் சிக்கை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கியோர்க் ராஷ். 1960-இல் அவர் முன்வைத்த மாதிரியில் ஆளின் திறனும் கேள்வியின் கடினமும் ஒரே கோட்டில் குறிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் சரியாகச் செய்ய வாய்ப்பு 50 சதவீதம். ஆள் ஓர் அலகு மேலே இருந்தால் 73 சதவீதம், இரண்டு அலகு மேலே இருந்தால் 88. இரண்டு அலகு கீழே இருந்தால் 12. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் லார்டும் இன்னும் சிலரும் இதை வேறு வழியில் வளர்த்தார்கள்.

இந்த முறையில் பிழை எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்பது பளிச்சென்று தெரியும். ஒரு கேள்வி, தன் கடினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆட்களைப் பற்றித்தான் நிறையச் சொல்லும். உங்கள் பையனுக்கு எல்லாமே கடினமான கேள்விகளாகக் கொடுத்து அவன் எல்லாவற்றையும் தவறவிட்டால், அவனைப் பற்றி நமக்குத் தெரியவந்தது ‘அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறான்’ என்பது மட்டும்தான். எவ்வளவு கீழே என்று தெரியாது. வகுப்புத் தேர்வுகள் கடைசி வரிசைக் குழந்தைகளைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாததற்குக் காரணம் இதுதான். கணினியில் நடக்கும் ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) போன்ற தேர்வுகள் ஒவ்வொரு பதிலையும் பார்த்து அடுத்த கேள்வியை அந்த ஆளின் நிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒரு கதையும் இங்கே உண்டு. பதினைந்து வயது மாணவர்களை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பிசா தேர்வில், 2009 சுற்றின் நீட்டிப்பாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. வளர்ந்த நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டி இருந்தபோது, தமிழ்நாட்டுக்கு வாசிப்பில் 337, கணிதத்தில் 351. பட்டியலின் அடிமட்டம். கேள்விகள் நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியத் தரப்பில் சொன்னார்கள், அடுத்த சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவில்லை.

அந்தப் புகார் நியாயமானதாகக்கூட இருக்கலாம். டென்னிஸ் வலைக் கதையை இப்போதுதான் சொன்னேன். ஆனால் அந்தப் புகாரைச் சோதித்துப் பார்க்க இந்தத் துறையில் ஒரு கருவி இருக்கிறது. மொத்தத் திறன் சமமாக உள்ள இரண்டு மாணவர்களை, ஒருவர் சென்னையிலிருந்தும் ஒருவர் வேறொரு நாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு கேள்வியை இருவரும் சரியாகச் செய்யும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். சென்னை மாணவருக்கு மட்டும் தொடர்ந்து குறைவாக வருகிறது என்றால், அந்தக் கேள்வி திறனைத் தாண்டி வேறெதையோ கேட்கிறது. இப்படி ஒவ்வொரு கேள்வியாகத் தட்டிப் பார்க்கலாம். மான்டெல், ஹென்ஸெல் என்ற இருவர் 1959-இல் நோய்களின் காரணங்களை ஆராய வகுத்த ஒரு கணக்கே இதற்கு இன்றும் பயன்படுகிறது. கோணலான கேள்விகளை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் 337 எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பத்துப் புள்ளி ஏறினால் பிரச்சினை நம் வகுப்பறையில். நூறு புள்ளி ஏறினால் பிரச்சினை தேர்வில். இந்தக் கணக்கைப் பொதுவில் வைத்து விவாதித்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். தேர்விலிருந்தே விலகியது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் பதிலையும் தரவில்லை.

உங்கள் மகனின் விஷயத்திலும் இதே சிக்கல் சின்ன அளவில் இருக்கிறது. எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் பகுதி ஏறக்குறைய எல்லா ஐக்யூ சோதனையிலும் உண்டு. ஒருவர் எத்தனை எண்களை நினைவில் பிடிக்கிறார் என்பது, அந்த மொழியில் எண்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பொறுத்தது. வெல்ஷ் மொழியில் எண்ணுப் பெயர்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் ஆகும். வெல்ஷில் சோதித்தால் குறைவான எண்களே நினைவில் நிற்கின்றன என்று 1980-இல் எல்லிஸும் ஹெனெலியும் காட்டினார்கள். தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று எல்லாமே குறைந்தது இரண்டு அசை. ஆங்கிலத்தில் ஒன்று முதல் பத்து வரை ‘செவன்’ மட்டும்தான் இரண்டு அசை. ஆகவே ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் அட்டவணையை வைத்துத் தமிழில் கேட்ட பதிலுக்கு மதிப்பெண் போட்டால், யாரும் கவனிக்காமலே சில புள்ளிகள் குறைய வாய்ப்பிருக்கிறது. சோதனையை எந்த மொழியில் எடுத்தார்கள், எந்த ஊர்க் குழந்தைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஓரிடத்துக்கும் மற்றதற்கும் மொழி மாறியிருந்தால் அந்த 8 புள்ளியில் ஒரு பகுதியை அதுவே விளக்கக்கூடும்.

அந்த அட்டவணையின் வயதும் முக்கியம். பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் சராசரி மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1980-களில் தொகுத்துக் காட்டினார். பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் இன்றைய குழந்தையின் எண் உண்மையைவிட உயர்ந்து தெரியலாம். வி. வி. காமத் 1930-களில் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்காகத் தழுவி எடுத்த பினே–காமத் சோதனை இந்தியாவில் இன்றும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால் அந்த எண்ணின்மேல் அதிக பாரத்தை ஏற்றாதீர்கள்.

இனி என்ன செய்யலாம்? இன்னொரு இடத்தில் மூன்றாவது முறை எடுக்காதீர்கள். அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் மறுபடி எடுத்தால் வருவது பெரும்பாலும் பழக்கத்தின் மதிப்பெண்தான். கையில் இருக்கும் இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு தகுதிபெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரிடம் போய், மொத்த எண்ணை விட்டுவிட்டு உட்பகுதிகளின் மதிப்பெண்களைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே ஒரே மட்டத்தில் தாழ்ந்திருப்பது ஒரு மாதிரி. மொழிப் பகுதி மட்டும் தாழ்ந்து, கட்டை அடுக்குவது போன்ற பணிகள் சராசரிக்கு அருகில் இருப்பது வேறு மாதிரி; அப்படியானால் வாசிப்புக் குறைபாடா, காது கேட்பதில் பிரச்சினையா, பள்ளி மொழி வேறு வீட்டு மொழி வேறாக இருப்பதா என்று தேட வேண்டும். உட்பகுதிகள் ஒவ்வொன்றிலும் கேள்விகள் குறைவு, அதனால் அவற்றின் நம்பகத்தன்மையும் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பகுதிகளுக்கு நடுவே சின்ன வித்தியாசம் தெரிந்தால் அதற்குக் கதை கட்டக் கூடாது.

78-ஓ 86-ஓ, அதை வைத்து மட்டும் யாரும் அறிவுசார் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. தானாகச் சட்டை போடுகிறானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரிபார்த்து வாங்கி வருகிறானா, சேர்ந்து விளையாட அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் கேட்டுப் பதிவு செய்யும் வைன்லேண்ட் போன்ற அளவுகோல்கள் தனியாக உண்டு. அவையும் சேர்ந்தால்தான் முடிவு. அவை எடுக்கப்படவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். அதோடு கண்ணையும் காதையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். பின்தங்குகிறான் என்று பள்ளியில் சொன்னார்களே, எந்தப் பாடத்தில், எந்த வேலையில் என்று ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள். உளவியலாளருக்கு இந்த இரண்டு எண்களையும்விட அந்தத் தாள் அதிகம் உதவும்.